சென்னியப்பன் பெயரில் ஓர் ஆட்டம்

ஜூன் 3, செவ்வாய்

ரெஜினா இன்று ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில் இரண்டு பூனைக்குட்டிகள். என் கணவர் சென்னியப்பன் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும், தேதியும் நேரமும் போட்டு, நான் அதில் எழுதிவைக்க வேண்டுமாம். பெண்கள் கல்லூரியில் முப்பத்தாறு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி, ஆய்வக ஏடுகளில் தேதி போடாத மாணவிகளை வெளியே அனுப்பியவளிடம், "நீட்டா எழுதணும், ஆன்ட்டி" என்கிறாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வருகிற பெண் அவள். வேலையில் கெட்டிக்காரி. இந்த 'ஆன்ட்டி'யைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த சென்னியப்பன் குளியலறையில் சரிந்தார். மூளையில் இரத்தக் கட்டி. வலக் கையும் வலக் காலும் போயின, பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. சொல்லத்தான் சொல் அகப்படுவதில்லை. முதல் மாதம் முயன்றார். அப்போது அவருடைய கிளப்பின் விளையாட்டுச் செயலாளர் வரதராஜுலு ஆறு பேருடன் பார்க்க வந்தார். கைக்குழந்தையிடம் குனிவதுபோலக் குனிந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்று கத்தினார். காது நன்றாகக் கேட்கும் மனிதரிடம். சென்னியப்பனின் வாய் கோணி, உதடு நடுங்கி, எச்சில் வழிந்தது. ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு வரதராஜுலு தாமே விடையைச் சொல்லி, கையும் தட்டினார். மற்ற அறுவரும் தட்டினார்கள்.

அன்றைக்கு மூடிய வாய். ரெஜினா எண் அட்டைகளைக் காட்டினால் மின்விசிறியைப் பார்க்கிறார்.

முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வருமாம். "அப்பறம் வராதுன்னு இல்ல ஆன்ட்டி. ஆனா ரொம்பக் கஷ்டம்." ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் பதினொன்று.

இன்றைய சொற்கள்: பூஜ்யம். நேர்த்தியாகவே போட்டிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளுக்குப் பிறகு இன்று வந்தது. தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன்.

இவர் எங்கே அதிகம் பேசுவாரோ அங்கே கூட்டிப் போகச் சொல்கிறாள் ரெஜினா. வீட்டில் அல்ல என்பதில் சந்தேகமில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் இந்த வீட்டில் சென்னியப்பன் பேசியவை ஒரு தபால் அட்டையில் அடங்கும். எல்லாப் பேச்சையும் கிளப்பின் பந்து மேசைக்கென்று சேர்த்துவைத்திருந்தார். மில்லில் எந்திரங்களோடு பகல், கிளப்பில் பந்துகளோடு மாலை. ஆண்டு விருந்து தவிர நான் அங்கே கால் வைத்ததில்லை. வைக்கத் தக்கதாக எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

போனோம். சக்கர நாற்காலியை ஏற்ற சரிவுப் பாதை இல்லை, மூன்று படி. மார்க்கர் காதரும் வாசல் காவலாளியும் தூக்கினார்கள். மார்க்கர் என்றால் பந்து அடுக்கி, புள்ளி எழுதி, மேசையைத் துடைத்துப் பேணுபவர். காதருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சென்னியப்பனைக் கண்டதும் சத்தம் போடாமல் "வாங்க சார்" என்றார். நாற்காலியை வழக்கமான மூலையில் நிறுத்தினார். கிளப் ஆட்களில் அவரிடம் கத்தாத முதல் மனிதர்.

ஆட்டம் இதுதான். பச்சைத் துணி போர்த்த மேசை, ஆறு குழிகள், பதினைந்து பந்துகள். ஒன்று முதல் ஏழு வரை முழு நிறம். ஒன்பது முதல் பதினைந்து வரை கோடு போட்டவை. ஒருவருக்கு முழு நிறம், மற்றவருக்குக் கோடு. தம்முடைய ஏழையும் குழியில் போட்ட பிறகு கறுப்பு எட்டைப் போடுபவர் வென்றார். கறுப்பை முன்னதாகப் போட்டுவிட்டால் தோற்றார். இவை எதையும் கோலால் நேரடியாகத் தொடக் கூடாது. வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டுதான் தள்ள வேண்டும். இதற்காக வளர்ந்த ஆண்கள் முப்பது ஆண்டுகளாக மாலைச் சிற்றுண்டியைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

வரதராஜுலு ஆடிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் இடக் கையிலிருந்த ஊன்றுகோலால் தரையை ஒருமுறை தட்டினார். மறுகணம் வரதராஜுலுவின் பந்து குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பியது.

ஜூன் 11, புதன்

மாலை ஐந்து மணிக்கு மேசை காலியாக இருந்தது. பந்து பட்டுத் திரும்பும் கோணங்களை எத்தனை ஆண்டு கரும்பலகையில் வரைந்திருப்பேன்! சும்மா இருப்பானேன் என்று ஒரு கோலை எடுத்து, கோணத்தைக் கணித்து, அடித்தேன். நான் குறிவைத்த பந்து நகரவில்லை. வெள்ளைப் பந்து மேசையை ஒரு சுற்று சுற்றிவந்து, தானாகவே ஒரு குழியைத் தேடி விழுந்தது.

"ச்சை!"

திரும்பிப் பார்த்தேன். காதர் அல்ல, அவர் வாயில் வெற்றிலை. சொன்னவர் சென்னியப்பன்.

மாலை 5.20. ஒரு சொல். எழுதியாயிற்று.

ஜூன் 12, வியாழன்

கிளப்பின் வருடாந்தரப் போட்டிக்கு அட்டவணை ஒட்டிவிட்டார்கள். எட்டுப் பேர். எட்டாவது பெயர் சென்னியப்பன், ஜனவரியிலேயே கொடுத்திருக்கிறார். வரதராஜுலு என்னிடம் வந்தார்.

"சென்னியப்பன் பேரை எடுத்துரலாமுங்க மேடம். பாவம். பதிலுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, அவரு நினைவா குடுத்துரலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டோமுங்க."

"நினைவாவா? இன்னும் உசுரோடதானுங்க இருக்காரு. அந்தா, உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க..."

அவர் எப்படிச் சொன்னார் என்பதை விசாரிக்க எனக்குப் பொழுதில்லை. விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பதினான்காவது விதி: உறுப்பினர் வர இயலாதபோது, துணைவி அட்டை வைத்திருப்பவர் அவர் பெயரில் பங்குகொள்ளலாம். மனைவிமார் தம்போலா எண்சீட்டு ஆடுவதற்காக எழுதிய விதி. எந்த விளையாட்டுக்கு என்று குறிப்பிட மறந்துவிட்டார்கள். என் கைப்பையில் அந்த அட்டை இருபது ஆண்டுகளாகக் கிடக்கிறது. அதில் என் பெயர்கூட இல்லை. 'திருமதி சென்னியப்பன்' என்றுதான் இருக்கிறது. டாக்டர் பட்டம் வாங்கியவள் நான்.

"பலகையில அவரு பேருதானுங்க இருக்கும்" என்றார் வரதராஜுலு.

"இருக்கட்டும்."

"இதுவரைக்கும் ஆடியிருக்கீங்களா மேடம்?"

"நேத்து ஒருவாட்டி."

சிரித்தார். பல் வரிசையில் இரண்டு செயற்கை.

ஜூன் 17, செவ்வாய்

காதரிடம் கற்றுக்கொள்கிறேன். கோலைப் பிடிக்க ஒரு நாள், நேராக அடிக்க மூன்று நாள். என் இடுப்பு குனிய மறுக்கிறது. அதற்கும் ஒரு நாள். இன்று முதல் முழு ஆட்டம். எளிதாக நின்ற ஐந்து பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். காதருடையதில் ஒன்றுகூட விழவில்லை. எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. எஞ்சிய என் இரண்டு பந்துகளும் மேசைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அவருடைய பந்துகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. இரண்டு முறை முயன்று தவறினேன். பிறகு காதர் எழுந்தார். அவர் வழியில் குறுக்கே நிற்க என் பந்து ஒன்றும் இல்லை. தம் ஏழு பந்துகளையும் கறுப்பு எட்டையும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கோலை மாட்டினார்.

"உங்க பந்தையெல்லாம் எடுத்து எனக்கு ரோடு போட்டுக் குடுத்துட்டீங்கம்மா."

"ஈசியா இருந்துச்சு, போட்டேன்."

"அதானுங்க தப்பு. பந்தைப் போடறது பெரிசில்லீங்க. எதை எப்பப் போடறதுங்கறதுதான். எட்டுலேருந்து பின்னால பாத்துக்கிட்டே வாங்க. எட்டைப் போடணும்னா வெள்ளை எங்க நிக்கணும்? அங்க நிக்கணும்னா அதுக்கு முந்தின பந்து எது? அதுக்கு முந்தி?"

முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரிந்த முறை. எனக்குத் தோன்றவில்லை. பந்து எங்கே போகும் என்பதை இயற்பியல் சொல்லும். எந்தப் பந்தை அடிப்பது என்பதைச் சொல்லாது. முப்பத்தாறு ஆண்டுகள் பாதிப் பாடத்தை மட்டும் நடத்தியிருக்கிறேன் போலும்.

இன்றைய கணக்கு: 'ச்சை' நான்கு, 'ஐயோ' ஒன்று.

ஜூன் 18, புதன்

பெருமையோடு நோட்டை நீட்டினேன். ரெஜினா உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லதுதான் ஆன்ட்டி. ஆனா இதெல்லாம் தானா வர்றது. கோபம், திட்டு, சாமி பேரு இதெல்லாம் மூளையில வேற வழியா வந்துரும். அங்கிள் ஒண்ண நெனச்சு, அதுக்கு வார்த்தையைத் தேடி எடுத்துச் சொல்லணும். ஒரு பேரு, ஒரு நம்பரு, எதுனாலும் பரவால்ல. ஒரே ஒண்ணு வந்துட்டா அதைப் பிடிச்சு இழுத்துரலாம்."

எண் அட்டையில் ஐந்தைக் காட்டினாள். மின்விசிறி.

ஜூன் 24, செவ்வாய்

ஆட்டத்தின் சாரம் என்னவென்று நான் கண்டுகொண்டதை, மறவாமலிருக்க இங்கே எழுதுகிறேன்.

மேசையில் ஏதாவது ஒரு பந்து சிக்கலில் இருக்கும். சுவரோடோ வேறு பந்தோடோ ஒட்டிக் கிடக்கும். அதை முதலில் விடுவிக்க வேண்டும், நம்முடைய வேறு பந்துகள் துணைக்கு இருக்கும்போதே. குழியின் வாயில் நிற்கும் எளிய பந்து கை நீட்டி அழைக்கும். அதைத் தொடக் கூடாது. அது அங்கேயே நிற்கும்வரை அந்தக் குழி எதிராளிக்கு அடைப்பு. நமக்கோ, கடைசியில் கறுப்புக்குப் போக அது பாலம். எளியதை முதலில் எடுப்பவன் மூடன். வரதராஜுலு ஒவ்வொரு முறையும் எளியதையே முதலில் எடுக்கிறார். சென்னியப்பன் போட்டியிடாத சென்ற இரண்டு ஆண்டும் அவர் கோப்பை வாங்கியது எதிராளிகள் அவரைவிட மோசம் என்பதால்தான். அதற்கு முந்திய ஒன்பது ஆண்டும் சென்னியப்பன் வாங்கினாராம். வீட்டில் ஒரு கோப்பைகூட இல்லையே என்று கேட்டேன்.

"சார் கொண்டுபோவ மாட்டாருங்கம்மா. ஊட்ல வெச்சா அம்மிணி பழைய பித்தளைன்னு போட்ருவான்னு சொல்லுவாரு" என்றார் காதர்.

போட்டிருப்பேன்.

ஜூலை 2, புதன்

மிக்ஸியின் பெரிய ஜாடி ஒழுகுகிறது. கண் மருத்துவரிடம் ஆண்டுப் பரிசோதனை: புரை எடுத்த இரண்டு கண்ணும் இருபது வயதுக்காரியின் கண்களாம். முகத்துதி. ஆனாலும் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்தேன்.

ஜூலை 5, சனி

எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. நான் ஒரு பந்தைக் குறிவைத்துக் குனிவேன். ஊன்றுகோல் ஒருமுறை தட்டினால் அது அல்ல. இரண்டு முறை தட்டினால் அடிக்கலாம். நாற்பத்து நான்கு ஆண்டில் இவ்வளவு நீண்ட உரையாடல் எங்களுக்கு வாய்த்ததில்லை. இன்று ஒரே ஓர் அடிக்கு முன் ஏழு முறை 'அல்ல' என்று தட்டினார். "ஏனுங்க, மேசையில இருக்கறதே ஆறுதானுங்க" என்றேன். காதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சென்னியப்பனின் இடப்பக்க உதடும் சற்று இழுத்தது.

இரவு அரிசிம்பருப்புச் சோறு குழைத்ததை இரண்டு கரண்டி கூடுதலாக உண்டார். மேசைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்கிறாள் ரெஜினா. தொடர்பு வேறு, காரணம் வேறு என்று திருத்தினேன்.

ஜூலை 19, சனி

முதல் ஆட்டம். எதிராளி மகள் வீட்டுக்கு ஓசூர் போய்விட்டார். வெற்றி. பலகையில் 'சென்னியப்பன்' என்ற பெயருக்கு நேரே ஒரு சரிக்குறி.

ஜூலை 26, சனி

அரையிறுதி. எதிராளி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், எண்பது வயது. மூன்றாவது அடியிலேயே கறுப்பைப் போட்டுவிட்டு, தாம் வென்றதாக எண்ணி என் கையைக் குலுக்கினார். விதியை நினைவூட்டினேன். "அப்படியா?" என்றார். மற்றோர் ஆட்டம் நான் முறையாகவே வென்றேன். வரதராஜுலு "பிகினர்ஸ் லக்" என்றார்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் ஒன்பது. அவரோடு.

ஜூலை 31, வியாழன்

ஆடிக் காற்று. மாடியில் காய்ந்த துணி அடுத்த வீட்டு முருங்கையில் தொங்கியது.

என் ஆட்டம் தேறிவிட்டது. இன்று காதரை மூன்றில் இரண்டு வென்றேன்; விட்டுக்கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். சென்னியப்பன் திருப்தியாக இருக்கிறார். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, இரண்டு தட்டு. தந்தி அலுவலகம்.

நோட்டைப் புரட்டினேன். ஜூன் இறுதி வாரத்தில் நாளுக்கு ஆறேழு. ஜூலை நடுவில் நாளுக்கு ஒன்று. கடைசி ஒன்பது நாளாகப் பூஜ்யம். 'ச்சை' கூட இல்லை. நான் சரியாக ஆடினால் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல இருப்பதை ஊன்றுகோல் சொல்லிவிடுகிறது. இதை ஒரு பார்வைப் பதிவாக மட்டும் குறிக்கிறேன்.

ரெஜினா இன்று 'ஆன்ட்டி' என்று கூப்பிடாமல் பேசினாள். "இன்னும் பதினோரு நாளு இருக்கு" என்றாள். அதன் பிறகு உலகம் அழிந்துவிடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். அழியாது என்பது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வரதராஜுலுவுக்குத் தொலைபேசினேன்.

"ஒரு சந்தேகமுங்க. பாக்கறவங்க யோசனை சொல்லக் கூடாதுன்னு ஒரு விதி இருக்குதில்லீங்களா?"

"இருக்குதுங்க மேடம். கோச்சிங். ஃபவுல் அது. வெள்ளைப் பந்தை எதிராளி கையில குடுத்துரணும், அவரு எங்க வேணாலும் வெச்சு அடிச்சுக்கலாம்."

"கைத்தடியைத் தட்டினா?"

மனிதருக்குத் தோன்றவே இல்லை! அரையிறுதியில் எதிரிலேயே உட்கார்ந்து அத்தனை தட்டலையும் கேட்டவர்.

"ஆஹா! நல்லாக் கேட்டீங்க மேடம். அதுவும் யோசனைதானுங்களே! அன்னைக்கு அந்தத் தடியை வாங்கி பீரோவுல வெச்சுரச் சொல்றனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நான் எதுக்குங்க நெனைக்கப் போறேன். விதின்னா விதிதான்."

ஆட்டம் ஐயத்துக்கு இடமின்றி நடக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டேன். பக்கத்து அறையிலிருந்த சென்னியப்பன் அனைத்தையும் கேட்டுவிட்டார். பழுது பார்க்கக் கொடுத்த எந்திரம் முன்னைவிடக் கெட்டுத் திரும்பியதுபோல என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கடைசிப் பயிற்சி. ஒரு பந்தைக் குழி வாயிலிலும் மற்றொன்றைச் சிக்கலிலுமாகக் காதர் பன்னிரண்டு விதமாக வைத்துக் காட்டினார். எதை முதலில் அடிப்பது என்பதில் பன்னிரண்டு முறையும் சரியாகச் சொன்னேன். "இனி உங்களுக்கு நான் சொல்லித் தர எதுவும் இல்லீங்கம்மா" என்றார். இத்தனை குறைவாகப் பேசும் ஆசிரியரை என் கல்லூரியில் பார்த்ததில்லை.

சொற்கள்: பூஜ்யம்.

ஆகஸ்ட் 9, சனி

ஆட்டம் நான்கு மணிக்கு. சுமார் முப்பது பேர். பஜ்ஜி. வரதராஜுலு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, புதிய கையுறை. உடையைப் பார்த்தால் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்போல் இருந்தார். முதல் காரியமாக ஊன்றுகோலை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "மன்னிச்சுக்கங்க சென்னியப்பன், விதி" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தினார். சென்னியப்பனின் இடக் கை சற்று நேரம் காற்றில் எதையோ தேடிவிட்டு மடியில் விழுந்தது.

மூன்றில் இரண்டு வென்றால் கோப்பை. முதலாவது எனக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு முழு நிறம் விழுந்தது. வரதராஜுலு வழக்கம்போல் எளியதையெல்லாம் அள்ளிவிட்டு, ஒரு தடுமாற்றத்தில் என்னிடம் விட்டார். நான் மேலும் மூன்று பந்துகள் போட்ட பிறகு மேசை இப்படி இருந்தது: என்னுடையவை இரண்டு, மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும். மூன்று, சிவப்பு, நடுக் குழியின் வாயில், ஊதினால் விழும். ஐந்து, செம்மஞ்சள், அவருடைய ஒரு கோட்டுப் பந்தோடு ஒட்டிக்கொண்டு மூலைச் சுவர் அருகே. கறுப்பு எட்டு எதிர்ப் பக்கத்தில், திறந்த வெளியில்.

மூன்றை நோக்கிக் குனிந்தேன்.

மூக்குக் கண்ணாடியில் தூசி படிந்திருக்க வேண்டும். சிவப்புக்கும் செம்மஞ்சளுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வேற்றுமை இல்லை. ஆடிக் காற்று வேறு.

அறையில் யாரோ "அவ்ளோதான், முடிஞ்சுது" என்றார்கள். நான் கோலின் நுனிக்குச் சுண்ணம் பூசினேன். மீண்டும் குனிந்தேன். இடது காலைச் சற்று நகர்த்தினேன். மறுபடி நிமிர்ந்து சுண்ணம் பூசினேன். "ஏனுங்க மேடம், உடம்பு முடியலீங்களா?" என்றார் வரதராஜுலு. நாற்காலியின் கைப்பிடியை ஓர் உள்ளங்கை அறைவது கேட்டது. ஒருமுறை. மேலும் ஒருமுறை. வரதராஜுலு, "அதுவும் கூடாதுங்க" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோலைப் பின்னே இழுத்தேன். மெதுவாக. என் இடுப்பு அனுமதிக்கும் அளவைவிடவும் மெதுவாக.

தொண்டையில் ஏதோ உருள்வதுபோல ஒரு சத்தம். பிறகு,

"அ... அஞ்சு! அஞ்சு, அம்மிணி, அஞ்சு! புத்தியிருக்குதா?"

கூரையில் புறாக்கள் பறந்தன. மனிதர்கள் எவரும் அசையவில்லை. முகம் இரத்தமாகச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, சென்னியப்பன் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். தாம் பேசிவிட்டதை அவர் இன்னும் அறியவில்லை. கோபம் அவ்வளவு.

முதலில் சுதாரித்தவர் வரதராஜுலு. அதற்குள் அவர் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "கோச்சிங்! ஃபவுலுங்க!" சொல்லிவிட்டு, தாம் சொன்னதைக் கேட்டுத் தாமே வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் அப்படியொன்றை முதன்முறையாகக் கண்டதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

"சார் பேசறாருங்க! போயி ஃபவுலுங்கறீங்களே" என்றார் காதர். குரல் உடைந்திருந்தது. வெற்றிலையாக இருக்கலாம்.

"ஃபவுல்தான், காதர்" என்றேன். "பதிவேட்டை எடுங்க. எழுதுங்க."

"என்னன்னுங்கம்மா எழுத?"

"ஆட்டக்காரர் சென்னியப்பனுக்கு, பாக்க வந்த சென்னியப்பன் யோசனை சொன்னாருன்னு. நேரம் போடுங்க. நாலு அம்பத்திரண்டு. என்ன சொன்னாருன்னு முழுசா எழுதுங்க."

"திட்டுனதையுமுங்களா?"

"அதையும்."

"எதுக்குங்க மேடம் அதெல்லாம்," என்று நெளிந்தார் வரதராஜுலு. "ஃபவுல்னு போட்டாப் போதுமுங்க."

"காரணம் எழுதாத ஃபவுல் செல்லாதுங்க. இருபத்திரண்டாவது விதி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீங்க மொதல்ல போடுங்க."

போட்டார். மூன்று வரி. காதரின் கையெழுத்து தெளிவானது. 'அஞ்சு' மூன்று முறையும் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. கீழே விளையாட்டுச் செயலாளரின் கையொப்பம், முத்திரையுடன்.

வெள்ளைப் பந்தைக் கையில் வாங்கி, தமக்கு வசதியான இடத்தில் வைத்து, வரதராஜுலு எஞ்சிய தம் இரண்டையும் கறுப்பையும் போட்டார். அப்படிக் கொடுத்தால் அவரால்கூட முடிகிறது. பலகையில் 'சென்னியப்பன்' என்ற பெயருக்கு நேரே ஒரு குறுக்குக் கோடு. கோப்பையைப் பார்த்தேன். பழைய பித்தளைதான்.

வீடு வரும்வரை காரில் சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. மூன்று முறை, தமக்குள், "அஞ்சு" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ரெஜினாவிடம் கொடுத்தேன். 'புத்தியிருக்குதா' தானாக வருவது, கணக்கில் சேராது என்றேன், அவள் சொல்வதற்கு முன்பே. 'அஞ்சு' சேரும். பார்த்து, எண்ணி, தேடி எடுத்த சொல். இரண்டு பந்துகளில் சரியானது எதுவோ அது. அவள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பயிற்சி பெற்ற பெண் இப்படி அழலாமா? தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு எண் அட்டைகளை எடுத்தாள். ஐந்தைக் காட்டினாள். சென்னியப்பன் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, சொன்னார். அடுத்து மூன்றைக் காட்டினாள். அதற்கு அவர் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. தானாக வரும் வகை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேச்சு மீள்வது பெரிய மகிழ்ச்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள். முழுவதும் குறை கூறலாகவே இருக்கும் என்பதை எவரும் எச்சரிக்கவில்லை. சோறு குழைந்தால் "கூழு". மின்விசிறி ஓடினால் "காத்து". வரதராஜுலு பழத்தட்டோடு வந்து, இம்முறை கத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை இரண்டு நிமிடம் பொறுத்தார். "மோ... சம்" என்றார் சென்னியப்பன், அவருடைய ஆட்டத்தையா தம் உடம்பையா என்பதைத் தெளிவுபடுத்தாமல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மிக்ஸி ஜாடி பழுது பார்த்து வந்துவிட்டது, ஒழுகல் நிற்கவில்லை.

மதியம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலக் கை, அது தானாக நகராததால் எளிது. சென்னியப்பன் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தேடுகிறார் என்று தெரிந்தது, குறுக்கிடவில்லை. சுண்டு விரலுக்கு வந்தபோது சொன்னார்.

"வேணும்னே... செஞ்சே."

ரெஜினாவின் நோட்டில் குறித்தேன்: பிற்பகல் 2.10. இரண்டு சொல். ஒரு வினைமுற்று, இறந்த காலம், சரியான விகுதியோடு. உச்சரிப்பு தெளிவு.

உள்ளடக்கம் பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை.